எலிக்கு நீண்ட எலும்பு நமக்கும் நீளுமா? இபாமோரெலின் ஊசியும் அதன் ஆய்வுகளும்

"உயரம் கூடும், சதை ஏறும், கொழுப்பு கரையும், எல்லாம் ஆய்வில் நிரூபணமானது." இபாமோரெலின் என்ற பெப்டைடு ஊசியை இணையத்தில் விற்பவர்கள் சொல்வது சுருக்கமாக இவ்வளவுதான். கைப்பேசி இருக்கும் எல்லா ஊருக்கும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது சட்டென்று வேர் பிடிக்கக் காரணம் உண்டு. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் விடியற்காலையில் மைதானம் சுற்றும் பிள்ளைகள் இங்கே ஏராளம். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ. உயரம் வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு 167 செ.மீ. எழுத்துத் தேர்வில் தேறி, உயரம் அளக்கும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டரில் திரும்பி வரும் பையனிடம் "இதற்கு ஒரு ஊசி இருக்கிறது" என்று சொன்னால், அவன் காது கொடுத்துத்தான் கேட்பான்.

விற்பவர்கள் காட்டும் ஆய்வுகள் கட்டுக்கதை இல்லை. முறையாக நடந்து, அறிவியல் இதழ்களில் வந்தவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எலியிலும் பன்றியிலும் நடந்தவை. அந்த முடிவுகளில் எது நம் உடம்புக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

வளர்ச்சி ஹார்மோன் எப்படிச் சுரக்கிறது

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. 191 அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்த புரதம் அது. இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போனதும், அங்கே ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. எலும்பிலும் தசையிலும் நாம் பார்க்கும் வளர்ச்சியில் பெரும்பங்கு இந்த ஐஜிஎஃப்-1 வழியாக நடக்கிறது.

இந்த ஹார்மோன் குழாய்த் தண்ணீர்போல ஒரே சீராக வருவதில்லை, அலை அலையாக வருகிறது. ஆழ்ந்து தூங்கத் தொடங்கியதும் வருவதுதான் பெரிய அலை. அலையை ஏற்றி இறக்கும் கைகள் மூன்று:

1. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி அனுப்பும் தூண்டும் ஹார்மோன். இதை விஞ்ஞானிகள் 1982இல் ஒரு கணையக் கட்டியிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.
2. அதே பகுதி அனுப்பும் சோமாட்டோஸ்டாட்டின். 1973இல் கண்டுபிடிக்கப்பட்டது. இது சுரப்பைத் தடுக்கும்.
3. கிரெலின். இது இரைப்பையிலிருந்து வருகிறது. பசியைக் கிளப்புவதும் இதுவே.

ஐஜிஎஃப்-1 மிகுந்துவிட்டால் அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் "போதும்" என்று தகவல் சொல்லி, சுரப்பைக் குறைக்கும். வெளியிலிருந்து எந்தக் கையைப் பிடித்து இழுத்தாலும் மற்றக் கைகள் எதிர்த்து இழுக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் சாவி, பிறகு பூட்டு

சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த சிறு சங்கிலிக்குப் பெப்டைடு என்று பெயர். 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டியூலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் என்ற ஆய்வாளர், உடம்பே சுரக்கும் வலி நிவாரணியான என்கெஃபலினை மாற்றி மாற்றிச் சிறு பெப்டைடுகள் செய்து பார்த்தார். அவற்றில் சில வலியைக் குறைக்கவில்லை. பிட்யூட்டரி செல்லிலிருந்து வளர்ச்சி ஹார்மோனை வெளியே தள்ளின. அந்த வழியில் வந்து 1984இல் வெளியான ஆறு மணிச் சங்கிலிதான் ஜிஎச்ஆர்பி-6.

அது உடம்பில் எந்தக் கதவைத் திறக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1996இல்தான் மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் அந்தக் கதவை, அதாவது செல்லின் மேல் இருக்கும் ஏற்பியை, அடையாளம் கண்டார்கள். அந்தக் கதவுக்கு உடம்பு வைத்திருக்கும் சொந்தச் சாவி கிரெலின் என்பதை 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். மனிதர் செய்த சாவி முதலில் வந்தது. பூட்டு தெரிய 12 ஆண்டு ஆனது. உடம்பின் சொந்தச் சாவி கிடைக்க மேலும் 3 ஆண்டு.

இந்த வரிசையை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜிஎச்ஆர்பி-6இன் வழியில் வந்து, வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருள் என்று பெயர் வாங்கியவை எல்லாம் உண்மையில் ஒரு பசிக் கதவைத் தட்டுபவை. அந்தக் கதவு பிட்யூட்டரியில் மட்டும் இல்லை, உடம்பில் வேறு பல இடங்களிலும் இருக்கிறது.

அப்புறம், நேராக வளர்ச்சி ஹார்மோனையே ஊசியாகப் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனைத்தான் 1950களின் இறுதியிலிருந்து குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அதன் வழியே மூளையை அழிக்கும் ஒரு கொடிய நோய் சிலருக்குத் தொற்றியது தெரிந்து, 1985இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த ஹார்மோன் அதே ஆண்டில் அனுமதி பெற்றது. குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இன்றும் அதுதான் மருந்து. ஆனால் வெளியிலிருந்து போடும் ஹார்மோன் உடம்பின் அலையைப் பின்பற்றாது. உடம்பையே சுரக்க வைத்தால் அலையும் கெடாது, "போதும்" என்ற கட்டுப்பாடும் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம். நியாயமான எண்ணம்தான்.

இபாமோரெலின் எங்கே வேறுபட்டது

ஜிஎச்ஆர்பி-6இல் ஒரு குறை இருந்தது. வளர்ச்சி ஹார்மோனோடு சேர்த்து, மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலையும் அதைத் தூண்டும் ஹார்மோனையும் கிளப்பிவிட்டது. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவன ஆய்வாளர்கள் அந்தக் குறை இல்லாத ஒன்றைத் தேடி, ஐந்து மணிச் சங்கிலி ஒன்றைச் செய்தார்கள். அதுதான் இபாமோரெலின். 1998இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது.

ஐந்து மணிகளில் முதலாவது, நம் உடம்புப் புரதங்களில் இல்லாத அமினோ அமிலம். நடுவில் உள்ள இரண்டு, வழக்கமான வடிவத்தின் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிச் செய்தவை. வலக்கை உறை இடக்கைக்குச் சரியாக ஏறாததுபோல, புரதத்தை வெட்டும் நொதிகளுக்கு இந்த மணிகள் எளிதில் பிடி கொடுப்பதில்லை. அப்படியும் மனிதரில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. ஒரு முறை போட்டால் வளர்ச்சி ஹார்மோனில் ஒரே ஒரு அலை எழுந்து அடங்குகிறது.

பன்றிகளில் செய்த சோதனையில், வளர்ச்சி ஹார்மோனை உயர்த்தத் தேவையான அளவைப்போல 200 மடங்குக்கு மேல் கொடுத்தும், ஹைபோதலாமஸ் அனுப்பும் தூண்டும் ஹார்மோனைக் கொடுத்தபோது இருந்ததைவிடக் கார்டிசால் குறிப்பிடத்தக்க அளவில் ஏறவில்லை. இது பெரிய சாதனை. "பக்க விளைவு கிடையாது" என்று இன்று விளம்பரத்தில் வருகிற சொல்லின் மூலம் இந்த ஒரு முடிவுதான். கட்டுரை சொன்னது கார்டிசால் ஏறவில்லை என்பதை. விளம்பரம் அதையே எந்தப் பக்க விளைவும் இல்லை என்று நீட்டிவிட்டது.

முன்மருத்துவ ஆய்வு என்றால் என்ன

ஒரு மருந்தை மனிதருக்குக் கொடுப்பதற்கு முன், சோதனைக் குழாயிலும் செல்களிலும் விலங்குகளிலும் செய்யும் ஆய்வுகள் எல்லாம் முன்மருத்துவ ஆய்வு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கப் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையமே போதும். பையூர் 1, பையூர் 2 கொள்ளு ரகங்கள் வந்த இடம் அது. ஒரு புது ரகம் நிலையத்துப் பாத்தியில் நன்றாக விளைந்ததும் விதையைக் கொடுத்துவிட மாட்டார்கள். பழைய ரகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், வேறு வேறு ஊர் மண்ணில் போட்டுப் பார்ப்பார்கள், பிறகு விவசாயிகளின் மானாவாரிக் கொல்லையிலேயே விதைத்துப் பார்ப்பார்கள். வழியில் பல ரகங்கள் நின்றுபோகும். நிலையத்தில் வேலியும் தண்ணீரும் நல்ல மண்ணும் உண்டு. பாலக்கோட்டுக் கொல்லையில் மழை வந்தால்தான் உண்டு.

மருந்திலும் படிகள் அப்படியே:

1. செல்லில் வேலை செய்கிறதா, எந்தக் கதவைத் தட்டுகிறது என்று பார்ப்பது.
2. எலிபோன்ற கொறிக்கும் விலங்கு ஒன்றிலும், கொறிக்காத விலங்கு ஒன்றிலும் பல அளவுகளில் கொடுத்து நச்சுத்தன்மை பார்ப்பது. மரபணுவைச் சிதைக்கிறதா, கருவைப் பாதிக்கிறதா, நீண்ட நாள் கொடுக்க வேண்டிய மருந்தானால் புற்றுநோய் வருகிறதா என்பதெல்லாம் இதில் வரும்.
3. மனிதரில் முதல் கட்டம்: சிலருக்கு மிகச் சிறு அளவில் கொடுத்துப் பாதுகாப்பைப் பார்ப்பது.
4. இரண்டாம் கட்டம்: நோயுள்ளவர்களில் பலன் தெரிகிறதா என்று பார்ப்பது.
5. மூன்றாம் கட்டம்: நிறையப் பேரில், மருந்தில்லாத வெறும் ஊசியோடோ இருக்கும் மருந்தோடோ ஒப்பிட்டு உறுதி செய்வது.

இந்தியாவில் இந்தப் படிகளை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் வரையறுக்கின்றன. இபாமோரெலின் நான்காவது படி வரை ஏறியது. அங்கே என்ன ஆயிற்று என்பதற்கு முன்னால் எலிகளைப் பார்க்கலாம்.

எலிகள் காட்டியது

1. *எலும்பின் நீளம் (1999).* வளர்ந்த பெண் எலிகளுக்கு நாளைக்கு மூன்று முறை வீதம் 15 நாள் ஊசி போட்டார்கள். நாள் ஒன்றுக்கு 18, 90, 450 மைக்ரோகிராம் என மூன்று அளவுகள். மருந்து இல்லாத எலிகளின் எலும்பு நாளுக்கு 42 மைக்ரான் நீண்டது. மருந்து பெற்றவற்றில் அது 44, 50, 52 மைக்ரான் என அளவுக்கு ஏற்ப ஏறியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிக அளவு பெற்ற எலிக்கும் பெறாத எலிக்கும் வேறுபாடு நாளுக்கு 10 மைக்ரான். 15 நாளில் 0.15 மில்லிமீட்டர். நம் கைவிரல் நகத்தின் தடிமனைக்கூட எட்டாது. புள்ளிவிவரப்படி இது உறுதியான முடிவுதான். ஆனால் "எலும்பு வளர்ந்தது" என்று மட்டும் கேட்கிறவர் மனதில் எழும் படம் இதுவாக இருக்காது. இரத்தத்தில் மொத்த ஐஜிஎஃப்-1 அளவு மாறவில்லை என்பதும் அதே ஆய்வில் உள்ளது.

2. *எலும்பின் கனம் (2000).* பெண் எலிகளுக்கு 12 வாரம் கொடுத்தபோது எலும்பிலுள்ள தாதுச்சத்தின் மொத்த அளவு கூடியது. எலும்பு பருத்ததால் கூடியது அது. ஒரு கன அளவுக்கு எவ்வளவு தாது என்ற அடர்த்தி மாறவில்லை.

3. *ஸ்டீராய்டு அரித்த எலும்பு (2001).* ஸ்டீராய்டு கொடுத்து எலும்பு உருவாவதைக் குறைத்த எலிகளுக்கு மூன்று மாதம் இபாமோரெலினும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவற்றைவிட எலும்பின் வெளிப்புறத்தில் புது எலும்பு உருவாகும் வேகம் நான்கு மடங்கானது. என் பார்வையில் இந்த ஆய்வுகளிலேயே மருத்துவத்துக்கு உண்மையான நம்பிக்கை தந்தது இதுதான். ஆஸ்துமாவுக்கும் மூட்டு நோய்க்கும் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களின் எலும்புத் தேய்வு பெரிய துயரம்.

4. *கொழுப்பு (2001).* சுண்டெலிகளுக்கு இபாமோரெலின் உள்ளிட்ட இந்த வகைப் பொருள்களைக் கொடுத்தபோது உடல் எடையும் கொழுப்பும் கூடின. பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் குறைவான சுண்டெலிகளிலும் அப்படியே கூடியது. ஆக, கொழுப்பு கூடியதற்கு வளர்ச்சி ஹார்மோன் காரணமில்லை. முன்பு சொன்ன பசிக் கதவுதான் காரணம். "கொழுப்பு கரையும்" என்று விற்பவர்கள் இந்த ஆய்வை எடுத்துப் போடுவதே இல்லை.

5. *குடல் அசைவு (2009).* வயிற்றில் அறுவை செய்தபின் குடல் சில நாள் அசையாமல் நின்றுவிடும். அப்படி நின்ற எலிகளுக்கு இபாமோரெலின் கொடுத்ததும் அவை சீக்கிரம் தின்றன, மலம் கழித்தன, எடையும் ஏறியது. மனிதரில் நடந்த முக்கியப் பரிசோதனைக்கு அடிப்படை இது.

எலும்பு கூடுவதும் எலும்பு வலுவாவதும் ஒன்றல்ல என்பதை நம் இரண்டு மாவட்டங்களும் தங்கள் உடம்பிலேயே அறிந்தவை. கிணற்றுத் தண்ணீரிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் கறையும் மூட்டில் விறைப்புமாக வாழ்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஃபுளோரைடு பாதித்த எலும்பு எக்ஸ்ரேயில் கெட்டியாகத் தெரியும். அந்தக் கெட்டியைப் பார்த்தே, எலும்புத் தேய்வுக்கு ஃபுளோரைடை மருந்தாகக் கொடுத்தும் பார்த்தார்கள். 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற 202 பெண்கள் நான்காண்டு பங்கேற்றார்கள். ஃபுளோரைடு பெற்றவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவு கூடிவிட்டது. அளவுகோலில் ஏறிய எண்ணை வைத்து உடம்பு பலமானது என்று முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான பாடம் நமக்கு வேண்டாம்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது எங்கே அறுபடுகிறது

*முதலாவது, வளர்ச்சித் தட்டு.* நீண்ட எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. உயரம் கூடுவது அங்கேதான். பருவ வயதின் முடிவில் மனிதருக்கு இந்தத் தட்டு முழுக்க எலும்பாகி மூடிவிடும். பெண்களுக்கு ஏறக்குறைய 14 முதல் 16 வயதுக்குள், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள், சிலருக்குச் சற்றுப் பின்னால். மூடியபின் வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும் எலும்பு நீளாது. மிகுந்தால் தாடை, கை, பாதம் தடிக்கும், உள்ளுறுப்புகள் பெருக்கும். அக்ரோமெகலி என்ற நோயில் நடப்பது இதுதான்.

எலியின் கதை வேறு. ஆறேழு வாரத்திலேயே எலி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆனால் அதன் வளர்ச்சித் தட்டு வயதானபின்பும் முழுதாக மூடுவதில்லை. 1999 ஆய்வில் "வளர்ந்த எலி"யின் எலும்பு நீண்டது அதனால்தான். தட்டு மூடிய 21 வயது இளைஞரின் காலில் அந்த முடிவு நடக்க வழியே இல்லை. ஊசி நல்லதா போலியா, அளவு சரியா தவறா என்ற கேள்விகள் எழுவதற்கு முன்பே இந்த இடத்தில் உயரப் பேச்சு முடிந்துவிடுகிறது. மைதானத்தில் ஓடும் பிள்ளைகள் இந்த ஒரு பத்தியையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

*இரண்டாவது, அளவு.* எலியின் எடைக்கு இவ்வளவு, மனிதரின் எடைக்கு இவ்வளவு என்று நேராகப் பெருக்கக் கூடாது. சிறிய விலங்கின் உடம்பு வேகமாக எரியும். மருந்தையும் வேகமாக வெளியேற்றும். அதனால் உடல் பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். எலிக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்பதை 6.2ஆல் வகுக்க வேண்டும், சுண்டெலியானால் 12.3ஆல். எலிக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்றால் மனிதருக்கு ஏறக்குறைய 16. அதையும் அப்படியே கொடுப்பதில்லை. விலங்கில் தீங்கு தெரியாத மிக உயர்ந்த அளவை இப்படி மாற்றி, மேலும் பத்தால் வகுத்து, முதல் பரிசோதனையைத் தொடங்குவது அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் சொன்ன வழிமுறை. பாதுகாப்பாகத் தொடங்குவதற்கான கணக்கு அது. பலன் தரும் அளவை அது சொல்லாது.

*மூன்றாவது, அலையின் தாளம்.* ஆண் எலிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஏறக்குறைய மூன்று மணிக்கு ஒரு முறை பெரிய அலையாக வரும். பெண் எலிக்கு அலைகள் சிறியவை, ஒழுங்கற்றவை. மனிதரின் தாளம் இரண்டோடும் ஒத்துப்போவதில்லை. கட்டுப்பாட்டுக் கைகள் எதிர்த்து இழுக்கும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? ஹெக்சாரெலின் என்ற இதே குடும்பப் பெப்டைடை முதியவர்களுக்கு 16 வாரம் கொடுத்தபோது அதைப் போன்ற ஒன்று நடந்தது. நாளடைவில் அதற்கு எழும் வளர்ச்சி ஹார்மோன் அலை குறைந்துகொண்டே வந்தது. நிறுத்தியபின் பழைய நிலைக்குத் திரும்பியது.

*நான்காவது, காலம்.* மேலே சொன்ன எலும்பு ஆய்வுகள் 15 நாளிலிருந்து மூன்று மாதம் வரை நடந்தவை. ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருக்கும் பொருள். அதை ஆண்டுக்கணக்கில் உயர்த்தி வைத்தால் என்ன என்ற கேள்விக்குச் சில மாத ஆய்வு பதில் சொல்ல முடியாது.

மனிதரிடம் வந்தபோது

எலியின் குடல் ஆய்வை நம்பி, குடல் பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைக்கு ஆளான 114 நோயாளிகளிடம் இரண்டாம் கட்டப் பரிசோதனை நடந்தது. முடிவு 2014இல் வெளியானது. நாளைக்கு இரண்டு முறை இரத்தக் குழாய் வழியாக மருந்து. மற்றப் பிரிவுக்கு மருந்தில்லாத திரவம். அறுவைக்குப் பின் முதல் உணவைத் தாங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது அளவுகோல். மருந்து பெற்றவர்களுக்கு நடு அளவு 25.3 மணி நேரம், பெறாதவர்களுக்கு 32.6 மணி நேரம். பார்வைக்கு வேறுபாடு இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் இத்தனை பேரை வைத்துக் கணக்கிட்டால் அது தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடுதான். மருந்து பெற்றவர்கள் பெரிய பிரச்சினை இல்லாமல் தாங்கினார்கள், பலன் நிரூபணமாகவில்லை. எலிக் குடலில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது மனிதரிடம் மங்கிப்போனது. இன்றுவரை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இந்தியாவிலோ இபாமோரெலின் எந்த நோய்க்கும் மருந்தாக அனுமதி பெறவில்லை.

அதே கதவைத் தட்டும் இபுடமோரென் என்ற பொருளை இரண்டு ஆண்டு ஆராய்ந்தார்கள். இது பெப்டைடு இல்லை, வாய் வழியாகக் கொடுப்பது. 60 முதல் 81 வயதுக்குட்பட்ட 65 பேர் பங்கேற்றார்கள். ஆய்வு 2008இல் வெளியானது. கொழுப்பு நீங்கலான உடல் எடை கூடியது. வலிமை கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களிடம் அதையே சோதித்தபோது, இதயச் செயலிழப்பு அறிகுறி சிலரிடம் தெரிந்து ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் நாட்டில் சர்க்கரை ஏறியது என்ற ஒரு வரியே யோசிக்க வைக்கும்.

இந்தக் குடும்பமே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. மாசிமோரெலின் என்பது பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உள்ளதா என்று கண்டறியும் வாய்வழிச் சோதனை மருந்தாக 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அனமோரெலின் என்பது புற்றுநோயால் உடல் உருகுபவர்களுக்காக 2021இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. நாய்களுக்குப் பசி தூண்டும் காப்ரோமோரெலின் 2016இல் வந்தது. இவற்றில் பிந்தைய இரண்டும் பயன்படுவது அந்தப் பசிக் கதவு வழியாகத்தான்.

குப்பியில் வருவது என்ன

இணையத்தில் கிடைக்கும் குப்பியில் உறையவைத்து உலர்த்திய வெள்ளைத் தூள் இருக்கும். மேலே "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று எழுதியிருப்பார்கள். மருந்துச் சட்டத்திலிருந்து விலகி நிற்க எழுதும் வாசகம் அது. ஆய்வகத்துக்கான தூளில் பெப்டைடு எத்தனை சதவீதம் சுத்தம் என்று சொல்லலாம். ஊசியாகப் போட அது போதாது. கிருமி நீக்கம் செய்ததா, கிருமி செத்தபின்பும் காய்ச்சலும் அதிர்ச்சியும் தரக்கூடிய நச்சு எச்சம் இல்லையா, குப்பிக்குள் சொன்ன அளவு இருக்கிறதா, தயாரிப்பில் பயன்படுத்திய அமிலம் மிச்சம் உள்ளதா என்பதெல்லாம் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியவை. அனுமதி பெறாத புது மருந்தை நோய்க்கென்று விற்பது இந்தியாவில் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்கும் 2019 விதிகளுக்கும் புறம்பானது.

விளையாட்டு வீரர்களுக்கு இன்னொன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் இபாமோரெலின் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் தடை. மாநில, தேசிய அளவில் ஓடும் பிள்ளைகள் ஜிம்மில் யாரோ கொடுத்தது என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் எது கிடைத்தாலும் பொறுப்பு வீரருடையது என்பதுதான் விதி.

உயரம் குறைவான குழந்தைக்கு

வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் வயதில்தான் மருத்துவம் ஏதாவது செய்ய முடியும். அதனால் கவலை வரவேண்டியது காவலர் தேர்வு வயதில் அல்ல, பள்ளி வயதில். நான்கைந்து வயதிலிருந்து பருவம் அடையும் வரை ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வளரும். அது 4 செ.மீ.க்குக் கீழே போனால், அல்லது வகுப்பில் எல்லோரையும்விட விலகிக் குட்டையாகத் தெரிந்தால், குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

மருத்துவர் பெரும்பாலும் இந்த வரிசையில் பார்ப்பார்:

1. பெற்றோரின் உயரம், குழந்தையின் பழைய அளவுகள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் எழுதிய எடை, உயர அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். அது பல இரத்தப் பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும்.
2. சாப்பாடு, இரத்த சோகை, தைராய்டு, நீண்ட நாள் நோய்கள். குட்டையாக இருப்பதற்குப் பொதுவான காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு அரிது.
3. இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே. எலும்பின் வயது அதில் தெரியும். எலும்பின் வயது உண்மை வயதைவிடக் குறைவாக இருந்தால், வளர இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள். சில குடும்பங்களில் பிள்ளைகள் தாமதமாகவே வளர்ந்து சரியாகிவிடுவார்கள்.
4. இவை எல்லாம் பார்த்தபின் சந்தேகம் இருந்தால் மட்டும் வளர்ச்சி ஹார்மோன் தூண்டல் சோதனை. அதில் குறை உறுதியானால், அனுமதி பெற்ற ஹார்மோன் ஊசி, மருத்துவக் கண்காணிப்பில், ஆண்டுக்கணக்கில்.

ஏற்கெனவே குப்பி வாங்கி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்று பார்த்துக்கொள்வது நல்லது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், கை மரத்துப்போதல், கால் வீக்கம், அளவுக்கு மீறிய பசி இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் எதைப் போட்டோம் என்று சொல்லிவிடுங்கள். குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.